மூட்டுவலி ஊசிக்கு முன் டி.பி. பரிசோதனை எதற்கு?

அம்மாவுக்கு 52 வயது, முடக்குவாதம். ஆறு மாதம் மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டும் விரல் வீக்கம் வடியவில்லை. அடாலிமுமாப் ஊசி போடலாம் என்ற டாக்டர், முதலில் டி.பி. பரிசோதனை செய்துவரச் சொல்கிறார். அம்மாவுக்கு இருமலே கிடையாது. இது தேவையா?
– வாசகி, கரூர்

கட்டாயம் தேவை. நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளச் சுரக்கும் புரதங்களுக்கு சைட்டோகைன் என்று பெயர். முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வு, டி.என்.எஃப். என்ற சைட்டோகைனை ஓயாமல் சுரக்கிறது. அது ஐ.எல்.-1, ஐ.எல்.-6 என்ற வேறு இரண்டு சைட்டோகைன்களையும் கிளப்பிவிடுகிறது. சவ்வு தடிக்கிறது, எலும்பு அரிபடுகிறது. டி.என்.எஃப்.பை அடக்கினால் மற்றவையும் அடங்கும் என்று லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரும் கண்டார்கள்; 1992-ல் நோயாளிகளுக்கு அதற்கான எதிர்ப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அம்மாவின் ஊசி அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் டி.என்.எஃப். செய்யும் நல்ல வேலை ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் கிடக்கிறது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதைச் சுற்றி மதில் கட்டி அடைத்துவைத்திருக்கின்றன. அந்த மதிலைப் பிடித்து நிறுத்தும் சாந்து டி.என்.எஃப்.தான். ஊசி போட்டதும் சாந்து உதிரும், கிருமி வெளியே வரும். அப்படி வரும் டி.பி. பல சமயம் நுரையீரலுக்கு வெளியே, நெறிக்கட்டியாகவோ வயிற்றிலோ வருவதால் இருமலே இருக்காது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு மட்டுமே தெரியலாம்.

மார்பு எக்ஸ்ரேயோடு மாண்டூ (முன்கைத் தோலில் ஊசி போட்டுப் பார்ப்பது) அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை செய்வார்கள். மாண்டூவை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். சிவப்பை அளப்பது தவறு. விரலால் தடவினால் தட்டுப்படும் தடிப்பை மட்டும், முன்கையின் குறுக்கே அளக்க வேண்டும். இவரைப் போன்றவர்களுக்கு 5 மி.மீ. இருந்தாலே பாசிட்டிவ். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்குத் தடிப்பு எழும்பாமலே போகலாம். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் டி.பி. என்று தெரிந்தால் ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் இரண்டு மருந்தும் சேர்த்து வாரம் ஒருமுறை 12 வாரம். அல்லது ஐசோனியாசிட் தினமும் 6 மாதம். அதைத் தொடங்கி குறைந்தது ஒரு மாதம் கழித்து ஊசி போடலாம். மெத்தோட்ரெக்சேட்டும் கூடவே இருப்பதால் கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

ஊசி 40 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தோலுக்கடியில். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்துபோனால், உருகிய பிறகும் போடாதீர்கள். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்துவைத்தால் எரிச்சல் குறையும்.

ஊசி வந்துவிட்டதே என்று மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். உடம்பு ஊசி மருந்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கும். மாத்திரை அதைக் கட்டுப்படுத்துகிறது. நிறுத்தினால் சில மாதங்களில் ஊசி பலிக்காமல் போகலாம். மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான் என்பதையும் மறக்க வேண்டாம். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

எனக்கும் முடக்குவாதம். மூன்று மாதம் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை. ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

முடக்குவாதத்தில் கிளம்பும் ஐ.எல்.-6 கல்லீரலுக்குப் போய் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் குடலில் இரும்பு ஏறும் வாசலை மூடுகிறது. செல்களில் சேர்ந்திருக்கும் இரும்பையும் வெளியே விடுவதில்லை. வீட்டில் நெல் இருந்தும் பத்தாயம் பூட்டிக் கிடக்கும் நிலை. ஃபெரிட்டின் (சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) இரண்டும் பாருங்கள். ஃபெரிட்டின் 100-க்கு மேல், சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் அழற்சியே காரணமாக இருக்கலாம். மூட்டு நோய் அடங்கினால்தான் ரத்தம் ஏறும். ஃபெரிட்டின் 30-க்குக் கீழ் என்றால் இரும்பே இல்லை. மாதவிடாய்ப் போக்கு, வலி மாத்திரையால் வரும் வயிற்றுப் புண் என்று ரத்தம் போகும் வழியைத் தேட வேண்டும்.

முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போட்டபின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை 1-க்கும் கீழே. ஆனால் இரண்டு நாளாகக் குளிர் எடுக்கிறது. ரிப்போர்ட்டை நம்பலாமா?
– வாசகர், மதுரை

நம்பக் கூடாது. கல்லீரல் சி.ஆர்.பி. உண்டாக்குவது ஐ.எல்.-6 சொல்லித்தான். இந்த ஊசி அந்தச் சேதியை வாங்கும் இடத்தையே அடைத்துவிடுவதால், உள்ளே சீழ் பிடித்திருந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் இருக்கலாம், காய்ச்சலும் லேசாகவே காட்டலாம். இன்றே டாக்டரைப் பாருங்கள். வயிற்றுவலி இருந்தால் அதையும் சொல்லுங்கள், இந்த மருந்தில் குடலில் ஓட்டை விழும் ஆபத்து சிறிதளவு உண்டு. தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை அடுத்த டோஸ் வேண்டாம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் முதலில் சொல்லிவிடுங்கள்.