படலையில் தொங்கிய பாரை

அன்புள்ள சேர்,

திருகோணமலையில் அரசாங்க டொக்டராக வேலை செய்கிறேன். கல்யாணம் ஆகவில்லை என்பதால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டூட்டி லிஸ்டில் என் பெயர் தானாக விழுகிறது. யாரும் என்னைக் கேட்பதில்லை. சொந்தக்காரர்கள் இரவு பதினொரு மணிக்கு ரிப்போட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நீலக்குறி விழுந்ததா என்று பார்த்திருக்கிறார்கள். நான் களைத்துப்போனது எங்கள் பெரிய டொக்டருக்காவது தெரியாதா? யார் மனமும் நோகாமல் இதை எப்படிச் சமாளிப்பது? வெளிநாடு போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன்.

ச.

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம் வரும். அவர் அப்போதிக்கரி, அந்தக் காலத்து உதவி வைத்தியர். மூதூர்ப் பக்கம் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் இருந்தார். இந்தப் பாலம் 2009இல்தான் வந்தது. அவருடைய காலத்தில் டவுனுக்கு வருவதென்றால் ஒவ்வொரு துறையாகப் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டியாரக் குடாவைக் கடக்க லோஞ்ச் படகு. இரவில் நோயென்றால் அவர்தான் எல்லாம்.

அவர் வீட்டுப் படலையில் மீன் தொங்கும். செவுளுக்குள் ஈர்க்கைக் கோத்துக் கட்டிவிட்டு, கட்டியவர் கூப்பிடாமலே போய்விடுவார். பெரியம்மா மீனைப் பார்த்தே கணக்குச் சொல்லுவா. சாளை என்றால் போன காய்ச்சலுக்கு நன்றி. பாரை என்றால் ஏதோ வரப்போகிறது.

ஒருநாள் பின்னேரம் நல்ல பெரிய பாரை ஒன்று தொங்கியது. பெரியம்மா மாமி வீட்டுக்குப் போயிருந்தா, கணக்குச் சொல்ல ஆளில்லை. பெரியப்பா குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அன்றிரவு ஒரு மீன்காரரின் மனைவிக்கு நோக்காடு கண்டது. மீன் கொடுத்தாயிற்று, அப்போதிக்கரி ஐயா தானாக வருவார் என்று அந்த மனுஷன் விடியும்வரை திண்ணையில் குந்தியிருந்தார். மருத்துவிச்சி வந்து பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆனால் அந்த மீன்காரர் பெரியப்பாவோடு பதினொரு வருஷம் பேசவில்லை.

அடுத்த கிழமை படலையில் ஒரு சிலேட்டுத் தொங்கியது: ‘இரவில் வர வேண்டுமென்றால் வாயால் சொல்லவும். மீன் வேண்டாம்.’ ஊருக்குச் சரியான கோபம். கேட்டால்தான் வருவாரோ என்றார்கள். அப்புறம் கேட்கத் தொடங்கினார்கள், முன்பைவிட அதிகமாக. பெரியப்பாவுக்கு நித்திரை குறைந்தது. ஆனால் படுத்தால் நித்திரை வந்தது.

சொல்லாமலே விளங்கிக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமை. வள்ளுவரே குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். ஒன்று அரசனுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு, மற்றது காதலர்களுக்கு. வாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அவர் ஒன்றும் வைக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் அந்த நீலக்குறியை நிறுத்திவிடுங்கள். மாமிமார் ஒரு கிழமை கோபிப்பார்கள், பிறகு வேறு டொக்டரைப் பிடிப்பார்கள். வெளிநாட்டைப் பற்றி நான் என்ன சொல்ல? அங்கேயும் டூட்டி லிஸ்ட் உண்டு.

பெரிய டொக்டருக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள் பாருங்கள், அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. தெரியாது, மகள். எப்படித் தெரியும்? கட்டிலில் கிடப்பவர்களையும் தரையில் பாய் போட்டவர்களையும் ஒரே காலையில் பார்த்து முடிக்கிற மனுஷன் உங்கள் முகத்தையுமா வாசிப்பார்? கேட்டிருந்தாலும் ‘பரவாயில்லை சேர்’ என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? லிஸ்ட் போடுகிறவரிடம் ஒரு தடவையாவது வாய் திறந்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மூன்று முறை வாசித்துப் பார்த்தேன். உங்களைக் கேட்கவில்லை என்று மற்றவர்களில் குறைப்படுகிறீர்கள். நீங்களும் பாரையைக் கட்டிவிட்டுத் திண்ணையில்தான் குந்தியிருக்கிறீர்கள்.

டொக்டர்மாரின் உறுதிமொழியான ஜெனீவாப் பிரகடனத்தை உலக மருத்துவச் சங்கம் 1948இல் எழுதியது. மருத்துவர் தன் சொந்த உடல்நலத்தையும் கவனிப்பேன் என்று சொல்லும் வரி அதில் 2017இல்தான் சேர்ந்தது. அதை எழுத்தில் வைக்க டொக்டர்மாருக்கே 69 வருஷம் எடுத்திருக்கிறது. நீங்கள் அவ்வளவு காலம் எடுக்க வேண்டாம். அடுத்த லிஸ்ட் போட முதல் போய், ‘இந்தப் பொங்கலுக்கு என்னால் முடியாது’ என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அழவும் வேண்டாம்.

என்னுடைய கொலஸ்ட்ரோல் ரிப்போட்டை உங்களுக்கு அனுப்பலாம் என்று படமெடுத்து வைத்திருந்தேன். அழித்துவிட்டேன். திங்கட்கிழமை கிளினிக்குக்கு வந்து நம்பர் எடுக்கிறேன்.