கேரம் என்ன, பரம்பரைச் சொத்தா?

கேள்வி: புதுவண்ணாரப்பேட்டை காசிமா கேரம் உலகக் கோப்பையில் ஜெயித்தது மகிழ்ச்சிதான். ஆனால் வடசென்னைப் பிள்ளைகள் ஏன் கேரம், பாக்ஸிங், ஃபுட்பால் என்றே நின்றுவிடுகிறார்கள்? டென்னிஸ், நீச்சல் பக்கம் தலைகாட்டுவதே இல்லையே. ரத்தத்தில் ஊறியதோ? (வாசகர், அண்ணா நகர்)

பதில்: ரத்தப் பரிசோதனை இருக்கட்டும், முதலில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு வாருங்கள். கேரம் போர்டில் காய் ஓடும் இடம் 29 அங்குலச் சதுரம். முட்டுக்கொடுக்க ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் தாழத் தொங்கும் ஒரு பல்பு, ஒரு டப்பா போரிக் பவுடர். தீர்ந்தது செலவு. டென்னிஸ் கோர்ட் 78 அடி நீளம். வியாசர்பாடிச் சந்து ஒன்றில் 78 அடி நடந்து, வழியில் எத்தனை வீட்டு வாசல் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக ஒரு நீச்சல் வளாகம் கட்டினார்கள், வேளச்சேரியில். டென்னிஸ் அரங்கம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. வடக்கே என்ன வந்தது? மணலிக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூருக்கு அனல்மின் நிலையம், கொடுங்கையூருக்கு ஊர்க் குப்பைக் கிடங்கு.

சாயங்காலம் ஏதாவது ஒரு தெரு கேரம் கிளப்பை எட்டிப் பாருங்கள். இரண்டு ஆட்டோ நிறுத்துகிற இடம்தான். போர்டைச் சுற்றி நாலு பேர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர், "அடுத்த போர்டு எனக்குண்ணே" என்று ஒரு பொடியன். கும்பலாக உட்கார்ந்தால் போலீஸ் வந்து விசாரிக்கும். அதே கும்பலிலிருந்து சாம்பியன் வந்தால் நாம் மாலையோடு போவோம். (நம் இதழும் கிரிக்கெட்டுக்கு அட்டை, கேரமுக்கு கால் பக்கம் என்றுதான் இருந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.)

கேரமில் மரிய இருதயத்துக்கு 1996-லேயே அர்ஜுனா விருது கிடைத்தது. 2008-ல் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன். 2024-ல் அமெரிக்காவில் காசிமாவுக்கு 3 தங்கம். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது, நல்ல காரியம். ஆனால் கேரமில் சிவப்புக் காயை (ரெட்) போட்டவர் கையோடு தன் காய் ஒன்றையும் (ஃபாலோ) போடவேண்டும், இல்லையென்றால் ரெட் நடு வட்டத்துக்கே திரும்பிவிடும். ஃபாலோவைத்தான் காணோம்.

கொருக்குப்பேட்டையில் போட்டித் தரத்தில் ஒரு நீச்சல் குளம் வரட்டும். பத்து வருஷம் கழித்து இதே கேள்வியை அனுப்புங்கள், பிரசுரிக்கிறேன்.