மலைன் – ஒரு கடிதம்

வணக்கம்.

வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்து வருகிறேன். சக ஊழியர்கள் அவரை 'மலைன்' (malign) செய்தார்கள் என்று ஓரிடத்தில் வருகிறது. 'விமர்சித்தார்கள்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த தோழி, 'அவதூறு செய்தார்கள்' என்றுதான் வர வேண்டும் என்கிறாள். அதே கட்டுரையில் 'மலைன் இன்ஃப்ளூயன்ஸ்' என்றும் இருக்கிறது. அங்கே அவதூறு பொருந்தவே இல்லை. ஒரே சொல் எப்படி இரண்டாக நிற்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது இடத்தில் அது பெயரடை. கேடு செய்கிற, தீய என்று பொருள். சொல்லின் பழைய முகம் அதுதான். லத்தீனில் 'மலிக்னுஸ்' என்றால் கெட்ட இயல்போடு பிறந்தது. அதன் எதிர்ச்சொல் 'பெனிக்னுஸ்', நல்லியல்போடு பிறந்தது. கணினியைக் கெடுக்கும் மால்வேர், மலேரியா இரண்டிலும் இருப்பது, கெட்டது என்று பொருள்படும் இதே 'மால்'தான்; மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று.

என் அக்காவுக்கு ஒருமுறை கட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அறிக்கை வந்ததும் நாங்கள் இருவரும் அந்தத் தாளில் ஒரே ஒரு சொல்லைத்தான் தேடினோம். மருத்துவர் பேனா முனையை ஒரு வரியின் கீழ் வைத்து, "பினைன். பயப்பட ஒன்றுமில்லை" என்றார். அதற்குப் பதில் 'மலிக்னன்ட்' என்று இருந்திருந்தால் புற்றுநோய். அன்றிலிருந்து இந்தக் குடும்பத்துச் சொற்களை என்னால் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை. (உச்சரிப்பையும் கவனியுங்கள். 'மலைன்' என்னும்போது ஜி எழுத்து ஒலிப்பதில்லை, 'மலிக்னன்ட்' என்னும்போது ஒலிக்கிறது.)

வினையாக வரும்போது அந்தக் கேடு வாய்வழியாக வருகிறது. ஒருவரைக் கெட்டவராகக் காட்டும்படி பேசுவது, எழுதுவது. ஆங்கிலச் சட்டத்தில் வாயால் சொன்னால் ஸ்லாண்டர், எழுத்தில் வந்தால் லைபல் என்று பிரிப்பார்கள். மலைன் சட்டச்சொல் அல்ல. நம் 'அவதூறு' என்ற சொல்லில் வழக்கு, நீதிமன்றம் என்ற வாடை அடிக்கிறது. தோழி சொன்னது தப்பில்லை, ஆனால் கொஞ்சம் கனம் கூடிவிடும்.

சரி, 'விமர்சித்தார்கள்' ஏன் கூடாது? விமர்சனம் நியாயமாகவும் இருக்கலாம். மலைன் அப்படியல்ல. ஒருவரை மலைன் செய்தார்கள் என்று எழுதுகிறவர், அந்தப் பேச்சு அநியாயம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார். அவர் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறார். நீங்கள் 'விமர்சித்தார்கள்' என்றால், கட்டுரையாளரை அங்கிருந்து நகர்த்தி நடுவில் நிறுத்திவிடுகிறீர்கள். வேலையை இழந்த அந்த மனிதருக்குத் துணையாக நின்ற ஒரு குரல் தமிழில் இல்லாமல் போய்விடுகிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

'மச் மலைன்ட்' என்ற தொடரையும் பார்த்திருப்பீர்கள். வௌவால், பாம்பு, பிணந்தின்னிக் கழுகு பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி வரும். அங்கேயும் அதே நியாயம்தான்: வீணாகப் பழி சுமந்த உயிர்கள். இந்தக் குடும்பத்துச் சொல் ஒன்றே பழி சுமத்தும் கருவியானதும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய உள்நாட்டுப் போரில், மன்னர் தரப்பினரை நாடாளுமன்றத் தரப்பினர் 'மலிக்னன்ட்'கள் என்றே அழைத்தார்கள்.

தமிழில் இதற்கு மிக அருகில் வருவது 'தூற்றுதல்' என்று நினைக்கிறேன். களத்தில் நெல்லைக் காற்றில் விடுவதும் அதே சொல்தான். முறத்திலிருந்து சரிகிற நெல் காலடியில் விழும். பதர் எங்கெங்கோ பறக்கும், திரும்பப் பொறுக்கவே முடியாது. சங்கப் பாடல்களில் ஊரார் அலர் தூற்றுவார்கள். நாலு பேருக்குள் முணுமுணுப்பாக இருக்கும்வரை அம்பல், ஊர் முழுக்கப் பரவினால் அலர். அப்புறம் கோள் சொல்வது, புறங்கூறுவது எல்லாம் இருக்கின்றன. ஆனால் கோள் ஒருவர் காதில் போடுவது, புறங்கூறுவதற்கு ஆள் அங்கே இருக்கக் கூடாது. மலைன் செய்ய அந்த நிபந்தனைகள் எதுவும் இல்லை.

உங்கள் வாக்கியத்துக்கு 'சக ஊழியர்கள் அவர்மேல் வீண்பழி சுமத்தினார்கள்' என்பது பொருந்தும். பலரும் பல நாள் பேசியதாகக் கட்டுரை சொன்னால் 'தூற்றினார்கள்' இன்னும் நல்லது. மற்ற இடத்தில் 'கேடான செல்வாக்கு' போதும்.