மதுரையில் குடிப்பழக்கச் சிகிச்சை: ஆலோசகரின் தகுதி என்ன, காப்பீடு கிடைக்குமா?

திருமங்கலத்திலிருந்து தம்பியை மதுரையில் உள்ள ஓர் ஆலோசகரிடம் அழைத்துவர நினைக்கிறீர்கள். அவருக்கு என்ன தகுதி இருக்க வேண்டும், பில்லுக்குக் காப்பீடு கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி.

ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ள இங்கே பெரிய தடை ஏதுமில்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் கதை வேறு. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அவரும் மாத்திரை எழுதித் தர முடியாது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களிலேயே வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள், ஆலோசனையெல்லாம் அதற்குப் பிறகு.

காப்பீட்டில்தான் சிக்கல். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்றே கருதுகிறது. உடல்நோய்க்கு இணையான காப்பீடு வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விலக்குப் பட்டியலில் 12ஆம் குறியீடு, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையை நிறுவனங்கள் ஒதுக்கிவிட வழிவிடுகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. உங்கள் பாலிசியில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். "நோயின் பெயரை மாற்றி எழுதித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பணம் மறுக்கப்படுவதோடு பாலிசியே ரத்தாகலாம்.

செலவுதான் கவலை என்றால் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லை.