அந்த 5 கிலோ எங்கே போனது?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது, எடை 60 கிலோ. 18 வருடமாகச் சர்க்கரை நோய். வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் வந்த புண் 2 மாதமாக ஆறவில்லை. சர்க்கரை ஏறிவிடும் என்று பயந்து இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். 5 கிலோ குறைந்துவிட்டது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதமும் குறைந்து 2.9 ஆக இருக்கிறது. புரத மாவும் துத்தநாக மாத்திரையும் வாங்கித் தரலாமா?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் அந்த 5 கிலோவைத்தான் முதலில் அடிக்கோடிட்டேன். உணவு ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், இப்படிப் புண்ணோடு வந்த ஒருவரை, “எடை நன்றாகக் குறைந்திருக்கிறதே” என்று பாராட்டி அனுப்பியவள் நான். அடுத்த மாதம் வந்தார். புண் அதே அளவில் இருந்தது, கெண்டைக்கால்தான் மெலிந்திருந்தது. இன்றும் உறுத்துகிறது.

அப்பாவின் பயம் நியாயமானதுதான். சர்க்கரை ஏறினால் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும், கிருமிக்குக் கொண்டாட்டம். ஆனால் புதுச் சதை வளரப் புரதம் வேண்டுமே! புண்ணில் கசியும் நீரோடும் கொஞ்சம் புரதம் போய்விடுகிறது. சாப்பாடு பற்றாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எடுக்கும். சர்க்கரை ஏறினால் மருத்துவர் மருந்தின் அளவை மாற்றட்டும். இரவில் சாப்பிடாமல் பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறார் என்றால் தாழ்சர்க்கரை வரலாம். இதை இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆறாத புண் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு, எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தருவது வழக்கம். அப்பாவுக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம்தான். ஒரே வேளையில் திணிக்க முடியாது, மூன்று வேளைக்கும் பிரிக்க வேண்டும். அதற்கு முன், சிறுநீரகத்தின் நிலையை அறிய, ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுங்கள். 18 வருடச் சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் இந்தக் கணக்கை மருத்துவர்தான் மாற்றிப் போட வேண்டும்.

ஆல்புமினை வைத்துச் சாப்பாட்டை எடை போடாதீர்கள். புண்ணில் தொற்றோ அழற்சியோ இருந்தாலே அது இறங்கும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள் (கால் வீங்கியிருந்தால் அதுவும் ஏமாற்றும்).

மாவு, சாப்பாட்டால் அளவை எட்ட முடியாதவருக்கு. துத்தநாகம், குறைபாடு இருந்தால் மட்டும். மாதக்கணக்கில் அதிகமாக விழுங்கினால் உடம்பில் செம்பு குறையும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறாரா? அப்படியானால் ரத்தத்தில் வைட்டமின் பி12 பாருங்கள். அது குறைந்தாலும் கால் மரத்துப்போகும்.

அவர் எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. புண்ணின் மேல் உடம்பின் பாரம் விழுந்துகொண்டே இருந்தால் என் கணக்கு எதுவும் பலிக்காது. பாரத்தைக் குறைக்கும் காலணியும், காலின் ரத்த ஓட்டச் சோதனையும் முதலில். சிவப்பு பரவினாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.