வயது, தோற்றம், தோல் நிறம்: கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை மறுக்கப்பட்டால்

கேள்வி: நான் கனடா குடியுரிமை உள்ள தமிழ்ப் பெண். வயது 47. தென் கொரியாவில் வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்கான இ-2 விசாவில் ஒரு தனியார் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில், இங்கே ஹாக்வான் என்பார்கள், பாடம் நடத்துகிறேன். ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு வாரம். புது வேலை தேடியபோது ஒரு ஏஜென்ட் புகைப்படமும் பிறந்த தேதியும் கேட்டார், அனுப்பினேன். "இளமையாகத் தெரிகிற வெள்ளைக்கார டீச்சர்தான் வேண்டுமாம், 35-க்கு மேல் எடுக்க மாட்டார்களாம்" என்று காக்காவோ டாக் செய்திச் செயலியில் பதில் வந்தது. இன்னொரு ஹாக்வான் போனில் பேசித் தேர்வு செய்து, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பியது. நானும் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினேன். நேரில் போய்ப் பார்த்த மறுநாளே, "பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று ரத்து செய்துவிட்டார்கள். இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. சட்டத்தில் வழி இருக்கிறதா? புகார் கொடுத்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: உங்களுக்கு நடந்தவை இரண்டு தனித்தனி விஷயங்கள். மனதை அதிகம் வருத்தியது ஏஜென்ட்டின் செய்தியாக இருக்கலாம். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது ரத்தான ஒப்பந்தத்தை, ஏனென்றால் அதற்குத்தான் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு பக்கமும் கையெழுத்தான பிறகு நீங்கள் வெறும் விண்ணப்பதாரர் இல்லை. வேலை தொடங்கும் நாள் வராவிட்டாலும், உறுதியான வேலையை ரத்து செய்வதைக் கொரிய நீதிமன்றங்கள் பணிநீக்கமாகவே பார்க்கின்றன. தொழிலாளர் தர நிர்ணயச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி பணிநீக்கத்துக்கு நியாயமான காரணம் வேண்டும். 27-வது பிரிவுப்படி காரணத்தையும் தேதியையும் எழுத்தில் தர வேண்டும். 'பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்று வாயால் சொன்னது இரண்டிலும் தேறாது. நிவாரணம் கேட்டு மனு போட வேண்டிய இடம் அந்தப் பகுதியின் தொழிலாளர் உறவுகள் ஆணையம். கெடு, ரத்து செய்த நாளிலிருந்து 3 மாதம். ஒரு நாள் தாண்டினாலும் மனு நிற்காது. கட்டணம் இல்லை. ஊதியம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் இலவசமாகத் தொழிலாளர் சட்ட வல்லுநரையும் தருவார்கள். அந்த இடத்தில் வேலை பார்க்க இனி மனம் இல்லையென்றால், பணியில் சேர்க்கச் சொல்லாமல் அதற்கு ஈடான பணத்தைக் கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது.

இங்கே பலர் சறுக்குவது ஆள் கணக்கில். இந்தப் பாதுகாப்பு, வழக்கமாக 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான். சின்ன ஹாக்வான்கள் 'எங்களிடம் மூன்று பேர்தான்' என்று சொல்லிப் பார்க்கும். கொரிய ஆசிரியர்கள், வரவேற்பு மேசையில் இருப்பவர், ஹாக்வானே சம்பளம் கொடுத்தால் வேன் ஓட்டுநர் எல்லாரும் கணக்கில் வருவார்கள். 3.3 சதவீத வரி பிடித்து 'ஃப்ரீலான்ஸ்' என்று காட்டியிருக்கும் ஆசிரியர்களையும் விட்டுவிடாதீர்கள். நேரமும் இடமும் பாடமும் ஹாக்வான் சொன்னபடி நடந்தால் அவர்கள் உண்மையில் தொழிலாளர்கள் என்று வாதிட முடியும். நேரில் போன அன்று எத்தனை பேரைப் பார்த்தீர்கள், இணையதளத்தில் எத்தனை ஆசிரியர்களைக் காட்டியிருக்கிறார்கள் என்பதை இன்றே குறித்துவையுங்கள். ஐந்துக்குக் குறைவு என்றே தேறினால் ஆணையம் கைவிட்டுவிடும். அப்போது மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்பது. 3 கோடி வோன் வரையான தொகைக்குச் சிறு வழக்கு நடைமுறை உண்டு, அது எளிமையானது. சட்ட உதவிக் கழகத்தின் 132 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

அடுத்து ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். 'நேர்முகத் தேர்வுக்குப் பிறகே உறுதி' என்ற மாதிரி ஏதாவது நிபந்தனை இருந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகும். இல்லையென்றால் வலுவாக நிற்கும். ரத்து செய்தபோது நீங்கள் என்ன பதில் அனுப்பினீர்கள் என்றும் பாருங்கள். மரியாதைக்காக 'பரவாயில்லை, புரிகிறது' என்று எழுதியிருந்தால், இருவரும் பேசி ரத்து செய்ததாக எதிர்த்தரப்பு சொல்லும். அப்படி எழுதியிருந்தால் இன்றே இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'ரத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. இன்ன தேதியில் வேலைக்கு வரத் தயாராக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். காரணத்தை எழுத்தில் தரவும்.' அசல் பட்டச் சான்றோ குற்றப் பின்னணிச் சான்றோ அவர்களிடம் இருந்தால் அதே கடிதத்தில் திருப்பிக் கேளுங்கள். வாங்கும்போது 'ஒப்பந்தம் பரஸ்பரம் முடிந்தது' என்று நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது ஏஜென்ட்டின் செய்தி. ஒரே வரியில் மூன்று பாகுபாடு இருக்கிறது. மூன்றுக்கும் சட்டமும் வேறு, போக வேண்டிய கதவும் வேறு. எல்லாவற்றையும் சேர்த்து 'இனவெறி' என்று ஒரே புகாராக எழுதினால் வலுவான பகுதியும் பலவீனமான பகுதியோடு சேர்ந்து அடிபடும்.

வலுவானது வயது. வேலைவாய்ப்பில் வயதுப் பாகுபாட்டைத் தடை செய்யும் தனிச் சட்டம் கொரியாவில் இருக்கிறது. அதன் 4-4-வது பிரிவு, நியாயமான காரணம் இல்லாமல் வயதைக் காட்டி ஆள் எடுக்க மறுப்பதைத் தடுக்கிறது. மீறும் முதலாளிக்கு 50 லட்சம் வோன் வரை அபராதம், அதுவும் குற்றவியல் தண்டனையாக. வேலையின் தன்மையே ஒரு வயது வரம்பைத் தவிர்க்க முடியாததாக்கினால் விதிவிலக்கு உண்டு. சிறு பிள்ளைகளோடு ஓடியாடப் பாடம் நடத்த வேண்டும் என்பார்கள். ஆங்கிலம் கற்பிக்க 35 வயது ஏன் எல்லை என்று அவர்களால் காட்ட முடியாது. வாடிக்கையாளரின் விருப்பம் அந்த விதிவிலக்குப் பட்டியலில் இல்லை. '47 வயது என்றால் குடிவரவுத் துறை விசா தராது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் இ-2 விசாவே அதற்குப் பதில்.

இரண்டாவது, 'இளமையாகத் தெரிகிற' என்ற நிபந்தனை. சம வேலைவாய்ப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலைக்குத் தேவையில்லாத தோற்றம், உயரம், எடை, திருமணமாகாத நிலை ஆகியவற்றை ஆள் எடுக்கும்போது கேட்கக் கூடாது என்கிறது. முன்பு இந்த வரி பெண் தொழிலாளர்களை மட்டும் காத்தது. 2021 திருத்தத்துக்குப் பிறகு எல்லாருக்கும் பொருந்துகிறது. வேலை தேடுபவரும் இந்தச் சட்டத்தில் 'தொழிலாளர்' என்ற சொல்லுக்குள் வருவார். இதற்கும் 50 லட்சம் வோன் வரை அபராதம் உண்டு. 2022 மே மாதத்திலிருந்து தொழிலாளர் உறவுகள் ஆணையத்திலேயே 6 மாதத்துக்குள் திருத்த நடவடிக்கை கோரலாம். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் தகராறில் நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பல வாசகர்கள் கவனிக்காமல் விடும் பெரிய சாதகம் இது.

புகைப்படம் கேட்டதே குற்றமா என்றால், இல்லை. 2019 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள நியாயமான பணியமர்த்தல் நடைமுறைச் சட்டத் திருத்தம், தோற்றம், உயரம், எடை பற்றிய விவரங்களை விண்ணப்பத்தில் கேட்பதைத் தடுக்கிறது. ஆனால் அது 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குத்தான், பெரும்பாலான ஹாக்வான்கள் அதற்குள் வராது. அதோடு, ஆளை அடையாளம் காணப் படம் கேட்பதை அரசு தடை செய்ததாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே படம் கேட்டதை மையமாக வைத்துப் புகார் எழுதாதீர்கள். படத்தைப் பார்த்த பிறகு என்ன சொன்னார்கள் என்பதே உங்கள் ஆதாரம்.

மூன்றாவது, தோல் நிறம். மிகவும் காயப்படுத்துவது இதுதான், சட்டம் மிகவும் மெலிந்திருப்பதும் இங்கேதான். பொதுவான பாகுபாடு தடைச் சட்டம் கொரியாவில் இன்னும் இல்லை. 2007-லிருந்து மசோதாக்கள் வந்து வந்து நிறைவேறாமல் போயிருக்கின்றன. தொழிலாளர் தர நிர்ணயச் சட்டத்தின் 6-வது பிரிவு தேசியத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, ஆனால் அது ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கே. இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு என்பது அரசின் விதி. அந்த விதி பார்ப்பது குடியுரிமையை. வெள்ளைத் தோல் வேண்டும் என்பது ஹாக்வான் தானாகச் சேர்த்துக்கொண்டது. இதற்கு உள்ள வழி தேசிய மனித உரிமை ஆணையம். அதன் சட்டம் இனம், தோல் நிறம், வயது, தோற்றம் எல்லாவற்றையும் பாகுபாட்டுக் காரணங்களாகப் பட்டியலிட்டு, ஆள் எடுக்கும் கட்டத்தையும் சேர்த்திருக்கிறது. ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும், கட்டணம் இல்லை, தொலைபேசி எண் 1331. அந்தச் சட்டம் கொரிய மண்ணில் இருக்கும் வெளிநாட்டவரையே காக்கிறது. ஆகவே நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

மனித உரிமை ஆணையத்தின் முடிவு பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. அதனால் பயன் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வயது விஷயத்தில் ஆணையத்தின் பரிந்துரையை நிறுவனம் காரணமில்லாமல் மதிக்காவிட்டால் தொழிலாளர் அமைச்சர் திருத்த உத்தரவு போடலாம். அதையும் மீறினால் 3 கோடி வோன் வரை தண்டத்தொகை. வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்குக் கட்டாயமாக இருந்த எச்.ஐ.வி. பரிசோதனை 2017-இல் நின்றதும் இந்த மாதிரிப் புகாரால்தான். நியூசிலாந்து ஆசிரியை ஒருவரின் மனுவில் 2015-இல் ஐ.நா. இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு அதைப் பாகுபாடு என்றது. 2016-இல் மனித உரிமை ஆணையம் அதை நிறுத்தப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு அரசு கைவிட்டது.

மனு போடும் வரிசையில் ஒரு கண்ணி இருக்கிறது. அதே சம்பவத்தைப் பற்றி நீதிமன்றத்திலோ விசாரணை அமைப்பிலோ வேறு நிவாரண நடைமுறை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், மனித உரிமை ஆணையம் மனுவைத் தள்ளிவிடலாம். எனவே ஏஜென்ட் செய்தி பற்றிய மனுவை வயது, நிறம் இரண்டையும் சேர்த்து முதலில் மனித உரிமை ஆணையத்தில் கொடுங்கள். தோற்ற நிபந்தனைக்கான மனுவுக்கு 6 மாத அவகாசம் இருப்பதால் அதை அடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்த ரத்து வேறு நிறுவனம், வேறு சம்பவம். அது எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால், அந்தச் செய்தியின் பின்னால் எந்த ஹாக்வான் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அபராதம் முதலாளிக்கு. ஏஜென்ட் தானாகச் சொன்னதாகிவிட்டால் ஹாக்வான் கை கழுவிவிடும். கோபத்தைக் காட்டாமல் ஏஜென்ட்டுக்கு எழுதுங்கள்: '35 வயது வரம்பு ஹாக்வான் கொடுத்த நிபந்தனையா? எந்த ஹாக்வான் என்று சொன்னால் மற்ற விண்ணப்பங்களில் கவனமாக இருப்பேன்.' பெரும்பாலும் பதில் வரும். உரையாடலில் நீங்களும் ஒருவராக இருந்தால் போன் பேச்சைப் பதிவு செய்வது கொரியாவில் குற்றம் ஆகாது. மற்ற இருவர் பேசுவதைப் பதிவு செய்தால் சிறை வரை போகும். காக்காவோ டாக்கில் அனுப்பியவரே செய்தியை அழிக்க முடியும் என்பதால், பெயர், தேதி, நேரம் தெரியும்படி படம் பிடித்து, முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வைத்துவிடுங்கள். நடுவில் உள்ள உங்கள் பதில்களை வெட்ட வேண்டாம். வெட்டிய ஆதாரத்தின் மேல் சந்தேகம் விழும். ஏஜென்ட்டைப் பொறுத்தவரை, வேலைவாய்ப்புப் பாதுகாப்புச் சட்டத்தின் 2-வது பிரிவு வயதையும் உடல் நிலையையும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பல் இல்லாத பிரிவு என்றாலும், கட்டணம் வாங்கும் ஏஜென்ட் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஹாக்வானின் பெயரைப் போட்டு முகநூல் குழுவில் எழுதாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கொரியாவில் உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்கு வரும். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு இணையத்தில் உண்மையை எழுதினால்கூட 3 ஆண்டு வரை சிறை அல்லது 3 கோடி வோன் வரை அபராதம். நல்ல வழக்கு வைத்திருந்தவர் பிரதிவாதியாகிப் போவது இந்த இடத்தில்தான்.

விசா: புகார் கொடுப்பதால் உங்கள் இ-2 ரத்தாகாது. ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. இ-2 விசாவில் தனியாக டியூஷன் எடுப்பது சட்டவிரோதம். அப்படி எடுத்திருந்தால் எதிர்த்தரப்பு அதைத் தோண்டி குடிவரவுத் துறையிடம் போகலாம், எனவே வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு வாரத்தில் ஒப்பந்தம் முடிந்து புது வேலை கிடைக்காவிட்டால், தங்கும் காலம் தீர்வதற்கு முன் வேலை தேடுவோருக்கான டி-10 விசாவுக்கு மாற்றக் கோருங்கள். என்னென்ன ஆவணம் வேண்டும் என்று 1345 என்ற குடிவரவு உதவி எண்ணில் கேட்கலாம். ரத்து மனுவுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, ஆனால் கடைசி வாரம் வரை தள்ள வேண்டாம். கொரிய மொழியில் மனுவும் மொழிபெயர்ப்பும் தயாராகவே இரண்டு வாரம் போய்விடும்.