அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார், எதுவும் கேட்க மாட்டார்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். இப்போது டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். என் மகள் எங்கள் ஏரியா கிளப்பின் சியர்லீடிங் அணியில் இருக்கிறாள். இந்த வருஷம் யூனிஃபார்ம் ஒரு செட் 310 டாலர் என்றார்கள். மொத்தம் 24 பிள்ளைகள். எல்லாப் பெற்றோரும் புலம்பியபோது, "எங்க ஊர்ல இதைக் கால்வாசி விலைக்குத் தைக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு பழைய செட்டை ஊருக்கு அனுப்பினேன். பனியன் கம்பெனி நடத்தும் தம்பி, கம்பெனிக்காரர்களின் லோகோவை மட்டும் எடுத்துவிட்டு அச்சு அசலாகத் தைத்து போட்டோ அனுப்பினான். இப்போது ஒரு பிள்ளையின் அப்பா, இது காப்பிரைட் பிரச்சினை ஆகிவிடும் என்கிறார். துணிக்கு ஏது காப்பிரைட்? தம்பியின் ஆடிட்டர்கூட, ஐம்பது பீஸுக்கு மேல் போட்ட டிசைனுக்குக் காப்பிரைட் கிடையாது என்கிறார். 'சாம்பிள், விற்பனைக்கு அல்ல' என்று போட்டு அனுப்பிவிடலாம் என்பது தம்பியின் யோசனை. அவனுக்குப் பழைய லோன் சிக்கல் இருப்பதால் கம்பெனி அம்மா பேரில்தான் இருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார், எதுவும் கேட்க மாட்டார். என் கேள்வி ஒன்றுதான்: இந்த டிசைனைப் பார்த்துத் தைப்பது தப்பா?

பதில்: வெளிநாட்டில் நாலு பேர் முன்னால் "எங்க ஊர்ல தைக்கலாம்" என்று வாய்விட்டு மாட்டிக்கொண்டவர்களின் கடிதம் எனக்குப் புதிதில்லை. பரதநாட்டிய உடை, கல்யாணத்துக்கு ஒரே மாதிரி சட்டை, பள்ளி ஆண்டு விழா டீ-ஷர்ட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. சியர்லீடிங் பாவாடை இப்போதுதான் வந்திருக்கிறது. ஒன்றும் ஆகாது, தைரியமாகச் செய்யுங்கள் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

நீங்கள் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். "துணிக்கு ஏது காப்பிரைட்" என்பது பாதி சரி. அமெரிக்கச் சட்டத்தில் உடை ஓர் உபயோகப் பொருள். அதன் வெட்டு, அளவு, கழுத்து, பாவாடை மடிப்பு, இதற்கெல்லாம் யாரும் காப்பிரைட் கேட்க முடியாது. சிக்கல் துணியின் மேல் இருக்கும் பட்டையிலும் கோணல் கோட்டிலும்தான். உங்கள் மகள் ஆடும் அதே ஆட்டத்தின் உடைக்காக இது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

வார்சிட்டி பிராண்ட்ஸ் என்ற கம்பெனி அந்தத் தொழிலில் பெரிய கை. தன்னுடைய டிசைன்களில் 200-க்கு மேல் காப்பிரைட் ஆபீஸில் படங்களாகப் பதிந்து வைத்திருந்தது. ஸ்டார் அத்லெட்டிகா என்ற புதுக் கம்பெனி அதே சாயலில் உடை விற்கத் தொடங்க, 2010-ல் வழக்கு. தகராறு ஐந்து டிசைன்களைப் பற்றி. அவற்றுக்குப் பெயர்கூட கிடையாது, 299ஏ, 299பி, 074, 078, 0815 என்று வெறும் நம்பர்கள். பட்டையும் கோடும் இல்லாவிட்டால் அது சியர்லீடிங் உடையாகவே தெரியாது, அதனால் டிசைனை உடையிலிருந்து பிரிக்க முடியாது என்று கீழ்க்கோர்ட் ஸ்டார் பக்கம் நின்றது. அப்பீலில் அது கவிழ்ந்தது. 2017 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் வார்சிட்டிக்குச் சாதகமாகச் சொன்னது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் இரண்டு கேள்விகள் வைத்தார். அந்த டிசைனை உடையிலிருந்து பிரித்துத் தனிப் படமாக மனதில் பார்க்க முடிகிறதா? அதையே ஒரு தாளில் வரைந்திருந்தால் காப்பிரைட் கிடைக்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், உடையில் ஏறிவிட்டதாலேயே அந்த உரிமை போய்விடாது. நீதிபதி பிரையர் ஒத்துக்கொள்ளவில்லை. பிரித்து வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது சியர்லீடிங் உடையின் படம்தானே என்றார். எனக்கும் அவர் சொன்னதில்தான் நியாயம் தெரிகிறது. என்ன செய்வது, தோற்ற பக்கத்து நியாயத்தை நம்பி நீங்கள் சரக்கு இறக்க முடியாது.

அதே தீர்ப்பில் உங்களுக்கு உதவுகிற இடமும் உண்டு. அதே வடிவம், அதே வெட்டு, அதே அளவில் யார் வேண்டுமானாலும் யூனிஃபார்ம் தைக்கலாம், வார்சிட்டி தடுக்க முடியாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டைகளில் காப்பிரைட் தரும் அளவுக்குச் சொந்தச் சரக்கு இருக்கிறதா என்பதை அவர்கள் தீர்மானிக்கவே இல்லை. கீழே திருப்பி அனுப்பினார்கள், அந்த வருஷமே சமரசமாக முடிந்துவிட்டது. ஆக, எல்லாப் பட்டையும் காப்பிரைட் என்று அந்த அப்பா சொன்னால் அதுவும் மிகை. ஒரு வெள்ளைக் கோட்டுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் நீங்கள் எடுத்தது ஒரு கோடு இல்லையே. அச்சு அசலாக என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆடிட்டர் சொன்ன ஐம்பது பீஸ் கணக்கு நிஜமான சட்டம்தான். இந்தியக் காப்பிரைட் சட்டம், 1957, பிரிவு 15. டிசைன் சட்டத்தில் பதியக்கூடிய ஒன்றைப் பதியாமல் விட்டு, உரிமையாளரே தொழில்முறையில் ஐம்பதுக்கு மேல் தயாரித்துவிட்டால் காப்பிரைட் போய்விடும். திருப்பூரில் இது செல்லும். சரக்கு இறங்குவது டெக்சாஸில். அங்கே இறக்குமதி செய்பவர் நீங்கள், 24 வீட்டுக்கு விநியோகம் செய்பவரும் நீங்கள். டிசைன் முன்கூட்டியே பதிவாகியிருந்தால், நஷ்டம் எவ்வளவு என்று அவர்கள் நிரூபிக்கவே வேண்டாம், ஒரு டிசைனுக்கு 750 முதல் 30,000 டாலர் வரை கோர்ட் விதிக்கலாம். தெரிந்தே செய்தது என்றால் 1,50,000 வரை போகும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் வழி இல்லை. லோகோவை எடுத்தவர்களுக்கு அது யாருடையது என்று தெரியும்.

சட்டம் இவ்வளவுதான். இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன்.

"அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார், எதுவும் கேட்க மாட்டார்."

அம்மணி, இதை எழுதும்போது உங்களுக்குக் கை கொஞ்சம்கூட தயங்கவில்லையா? பட்டைக்கும் கோட்டுக்கும் சொந்தக்காரர் யார் என்று இவ்வளவு விசாரித்திருக்கிறீர்கள். அந்தத் தாளில் இருக்கப்போகும் பெயருக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

தம்பியின் லோன் சிக்கலுக்காக அம்மா ஏற்கெனவே ஒரு தடவை பெயரைக் கொடுத்துவிட்டார். ஜிஎஸ்டி அவர் பேரில், ஏற்றுமதிக் கோட் நம்பர் அவர் பேரில், பேங்க் கணக்கு அவர் பேரில். தனி உரிமையாளர் கம்பெனி என்றால் கம்பெனி வேறு, ஆள் வேறு என்று சட்டத்தில் கிடையாது. கம்பெனி மேல் வருவது எல்லாம் அவர் மேல் வரும். அவர் பேரில் வீடு இருந்தால் அந்த வீட்டு வாசல் வரைக்கும் வரும். இது தம்பிக்குத் தெரியும், அதனால்தான் தன் பேரில் வைத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கும் தெரியும், அதனால்தான் ஆறுதல் மாதிரி எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

'சாம்பிள், விற்பனைக்கு அல்ல' என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. முன்பு 800 டாலர் வரைக்கும் பார்சலுக்கு வரி கிடையாது, நாலு பார்சலாகப் பிரித்து அனுப்பினால் போதும் என்று பலர் ஓட்டினார்கள். 2025 ஆகஸ்டு கடைசியில் அந்தச் சலுகை போய்விட்டது. உடனே சாம்பிள் என்று கிளம்பிவிட்டீர்கள். சாம்பிள் துணியை வரி இல்லாமல் விட வேண்டும் என்றால் அதை விற்கவோ உடுத்தவோ முடியாதபடி வெட்டியோ ஓட்டை போட்டோ அழியாத மையில் எழுதியோ அனுப்ப வேண்டும் என்பது அமெரிக்க கஸ்டம்ஸின் நடைமுறை. 24 பிள்ளைகளும் முதுகில் சாம்பிள் என்று எழுதிக்கொண்டா மைதானத்தில் இறங்கப் போகிறார்கள்?

டிசைன் காப்பியா இல்லையா என்பதில் வாதாட இடம் இருக்கிறது. 2017-ல் நீதிபதிகளுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு தைத்த 24 செட்டை சாம்பிள் என்று சொல்வதில் வாதாட ஒன்றும் இல்லை, அது பொய். அந்தப் பொய்க்குக் கீழே உங்கள் அம்மா கையெழுத்து. அவரை டெக்சாஸ் கோர்ட்டுக்கு இழுத்து வந்துவிடுவார்கள் என்று பூச்சாண்டி காட்ட மாட்டேன். பார்சல் பிடிபட்டால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். இருந்தாலும் இன்வாய்ஸில் அனுப்புநர் என்று அவர் பெயர்தான் இருக்கும், பொய் சொன்னவர் என்ற இடத்திலும் அதே பெயர்தான் ஏறும்.

பெற்றவர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்றால், அவருக்குப் பதிலாகக் கேட்க வேண்டியது பிள்ளைகள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பையன் ஊரில், பெண் வெளிநாட்டில், இருவருக்கும் நடுவில் அம்மா ஒரு ரப்பர் ஸ்டாம்பா? வெளிநாட்டில் இருக்கிறேன், எனக்கு என்ன தெரியும் என்று சொல்லவும் உங்களுக்கு வழியில்லை. இந்த ஆர்டரே உங்கள் வாயிலிருந்து வந்தது.

விலை அநியாயம் என்கிறீர்களா, சரி. அதே வார்சிட்டி மேல், போட்டியைக் கட்டுப்படுத்திக் கூடுதல் விலை வாங்குகிறார்கள் என்று பெற்றோர்களே வழக்குப் போட்டு, 2024-ல் 8.25 கோடி டாலர் சமரசமாகத் தர வைத்தார்கள். தன் பெயரைப் போட்டுச் சண்டை பிடித்தவர்கள் அவர்கள். உங்கள் யூனிஃபார்ம் எந்தக் கம்பெனியுடையது என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம்.

தம்பிக்கு இந்த ஆர்டர் தேவையாக இருக்கலாம் என்பதும் எனக்குப் புரிகிறது. அதைக் கெடுக்காமலே செய்ய வழி இருக்கிறது. மேல்சட்டையின் வெட்டும் பாவாடையின் மடிப்பும் அப்படியே இருக்கட்டும். பட்டையை மட்டும் புதிதாகப் போடுங்கள். 24 பெண் பிள்ளைகள் இருக்கும் அணியில் ஒருத்திகூட வரைய மாட்டாளா? பழைய செட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு. கிளப்பின் நிறமும் எழுத்தும் கிளப்புக்கே சொந்தம், அவர்களிடம் ஒரு மெயிலில் சம்மதம் வாங்கிவிடுங்கள். இன்வாய்ஸில் நிஜ விலை, நிஜ எண்ணிக்கை. வரி கட்டினாலும் 310 டாலருக்குப் பக்கத்தில்கூட வராது என்று நினைக்கிறேன், தம்பியையே கணக்குப் போடச் சொல்லுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால், என்னால் முடியவில்லை என்று மற்ற பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். மானம் போய்விடாது.

தைத்த அந்த ஒரு செட்டை டல்லாஸுக்கு வரவழைக்காதீர்கள். துணிக்கும் பிரிண்டிங்குக்கும் தம்பி இதுவரை செலவழித்ததை உங்கள் கையிலிருந்து அனுப்பிவிடுங்கள், மற்ற பெற்றோரிடம் வசூலிக்காமல்.

அதற்கு முன்னால் அம்மாவுக்குப் போன் போடுங்கள். தம்பி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. கம்பெனியில் அவர் பேரில் என்னென்ன இருக்கிறது, எதெதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவருக்கே தெரியாத தாள்கள் இருக்கும். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது அந்த ஃபைலை எடுத்து வைத்து ஆடிட்டரிடம் அவர் முன்னாலேயே உட்கார்ந்து பேசுங்கள். தம்பிக்குக் கோபம் வரும், வரட்டும்.